பொங்கலுக்குள் அப்பா வீட்டைச் சரிசெய்ய 3 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 35 வயது. தாம்பரத்தில் வாடகை வீடு. கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய், மனைவிக்கு 18,000. சொந்த ஊர் அரூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா 1998-ல் கட்டிய மெத்தை வீடு இப்போது மழைக்கு ஒழுகுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, பாத்ரூமோ தோட்டத்துக் கோடியில் இருக்கிறது. ஓசூரில் வேலை செய்யும் தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறோம். தை மாதம் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், அதற்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும் என்கிறார் அப்பா. மேஸ்திரி சொன்ன கணக்கு 3,20,000. மேல்தளத்துக்கு 70,000, வீட்டை ஒட்டிப் புது பாத்ரூமுக்கு 60,000, ஹாலில் டைல்ஸ் 85,000, பெயிண்ட் 65,000, போரை இன்னும் ஆழமாக இறக்க 40,000. 14 சதவீத வட்டியில் 3 வருடத்துக்கு பர்சனல் லோன் தருகிறார்கள். வரிச் சலுகையும் உண்டு என்றார் ஏஜென்ட். எங்களிடம் எஃப்டி 1,60,000, மனைவியின் நகை 12 பவுன் இருக்கின்றன. வருடத்துக்கு ஐந்து முறையாவது ஊருக்குப் போகிறோம், ஒவ்வொரு முறையும் 14,000 வரை கரைகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வீடுகள் தெரிகின்றன. ஒன்று அம்மா அப்பா தினமும் குடியிருக்கும் வீடு. இன்னொன்று தை மாதம் ஒரு நாள் பெண் வீட்டார் பார்க்கப்போகும் வீடு. முதல் வீட்டுக்கு உங்கள் பணம் கட்டாயம் போக வேண்டும். இரண்டாவது வீட்டுக்காக மூன்று வருடம் கடன் கட்டாதீர்கள்.

3 லட்சத்துக்கு 14 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 10,250. மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 69,000 ரூபாய்க்கு மேல். கிட்டத்தட்ட இன்னொரு மேல்தளத்தின் செலவு அது. ஏஜென்ட் சொன்ன வரிச் சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது. பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு, பழைய வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் வருடம் 30,000 வரை கழிவு உண்டு. ஆனால் வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இது அப்பா பெயரில் இருக்கிறது.

சரி, எதை முதலில் செய்வது? பாத்ரூம். முழங்கால் வலியோடு மார்கழிப் பனியில் அம்மா தோட்டத்துக்கோடி வரை நடப்பதை இன்னொரு வருடம் தள்ளிப்போட முடியாது. எஃப்டியிலிருந்து 60,000 எடுங்கள், மீதி ஒரு லட்சத்தைத் தொடாதீர்கள். வழுக்காத தரை டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடிக் கம்பி, வாசலில் படி இல்லாத சமதளம் என்று முன்கூட்டியே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். பிறகு இடித்து மாற்றினால் இரட்டைச் செலவு.

மேல்தளத்தைப் பொங்கலுக்கு முன் தொடவே வேண்டாம். பண்டிகை நேரத்தில் கொத்தனார் கிடைப்பது கஷ்டம். பழைய தளத்தைக் கொத்திப் போட்டுவிட்டு ஆள் பண்டிகைக்குப் போய்விட்டால், திறந்து கிடக்கும் வீட்டில்தான் விருந்தாளியை உட்கார வைக்க வேண்டும். தளமும் சுவரும் நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில் செய்தால்தான் ஒட்டு பிடிக்கும். அப்போது அப்பாவுக்கு விவசாய வருமானம் ஏதும் வருமா, தம்பி எவ்வளவு போடுவார் என்று கேளுங்கள். துண்டு விழுந்தால், மனைவி மனமுவந்து சம்மதித்தால் மட்டும், இரண்டு பவுனை வங்கியில் வைத்து 50,000 வாங்கி ஆறு மாதத்தில் மீட்டுவிடுங்கள். நகை அவருடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

பெயிண்ட் கடைசி வேலை. இதை அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஓதம் ஏறிய சுவருக்கு அவசரமாகப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தோம். அடுத்த ஐப்பசி மழையில் அத்தனையும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பெண் வீட்டார் வருகைக்குச் சுண்ணாம்பு போதும். போகிக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய், நீங்களும் தம்பியுமாக முன்பக்கச் சுவருக்கு வெள்ளையடியுங்கள். பெயிண்ட் செலவில் கூலிதான் பெரிய பங்கு, உங்கள் கை உழைப்பு அதை மிச்சப்படுத்தும். மகன்கள் வெள்ளையடித்த வீடு என்பதும் பெண் வீட்டார் கண்ணில் படும், குறைவாக நினைக்க மாட்டார்கள்.

டைல்ஸ் கல்யாணம் முடிந்து யோசிக்க வேண்டியது. போரை ஆழப்படுத்துவதில் எனக்கு உடன்பாடே இல்லை. இன்னும் 200 அடி இறக்கினாலும் தண்ணீர் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வந்தாலும் தருமபுரி மாவட்டத்தின் ஆழ்துளைத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் கறையும் எலும்பு வலியும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உங்கள் ஊருக்கு அந்தத் தண்ணீர் வந்தால், அதைப் பிடித்து வைக்க மூடியுள்ள ஒரு நல்ல தொட்டி வாங்குங்கள்.

மேஸ்திரியின் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய விலையில் போட்டிருந்தால் கேட்கலாம். சாமான்களை நீங்களே பில்லோடு வாங்குங்கள், கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். அப்பாவுக்கு அனுப்பும் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். மகன் கொடுப்பதற்கு அப்பாவுக்கு வரி கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு என்றால், உயில் எழுதாமல் அவர் காலமானால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும், அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும், சமபங்கு. நீங்கள் லட்ச லட்சமாகப் போட்டதால் பங்கு கூடாது. ஆகவே இது பெற்றவர்களுக்குக் கொடுப்பது என்று மனதார நினைத்துக் கொடுங்கள். தம்பி கல்யாண நேரத்தில் பத்திரப் பேச்சை எடுக்காதீர்கள். ஆனால் மொய் நோட்டு எழுதுவது போல, யார் எப்போது எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு நோட்டில் அப்பா கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் அண்ணன் தம்பி மனக்கசப்பை அது தடுக்கும்.

அப்புறம் ஊருக்குப் போகும் செலவு. ஐந்து முறை, 14,000 வீதம், வருடத்துக்கு 70,000. திடீர்ச் செலவு மாதிரி வருவதால்தான் சேமிப்பைத் தின்கிறது. சம்பளம் வந்த மறுநாள் 6,000 ரூபாயை ஒரு ஆர்டியில் போட்டால் அடுத்த பொங்கல் முதல் கைப்பணத்தைத் தொட வேண்டியதில்லை. ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. ஆடிப்பெருக்குக்கும் தீபாவளிக்கும் மொரப்பூர் வரை அப்படி எடுத்துவிட்டால், கடைசி நேர ஆம்னி பஸ் கட்டணம் மிச்சம். போவதை மட்டும் குறைக்காதீர்கள்.

அப்பாவிடம் இந்த வாரமே போனில் பேசுங்கள். பொங்கலன்று எல்லோர் முன்னாலும் பேசினால் அவர் மனம் நோகும். மார்கழியில் புது வேலை தொடங்க வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கார்த்திகை முடிவதற்குள் அஸ்திவாரம் போட்டுவிட்டால், பொங்கல் காலையில் அம்மா புது பாத்ரூமில் குளித்துவிட்டுப் பானை வைக்கலாம்.