தோளைப் பார்த்து வாங்குங்கள்: பாரிஸ் தையல்கார அக்காவின் கேள்வி பதில்

பாரிஸை ஒட்டிய ஊர் ஒன்றில் 22 வருடமாக உடை திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது புதுச்சேரி. ‘இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் நாலைந்து உடுப்பை வைத்துக்கொண்டே எப்படி இவ்வளவு எடுப்பாக இருக்கிறார்கள்?’ என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்பார்கள். சரி, கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

அக்கா, படிக்க வந்து நான்கு மாதம் ஆகிறது. குளிர்காலக் கோட்டு வாங்க வேண்டும். கையில் 60 யூரோதான். புதிது கிடைக்குமா?

கிடைக்கும், வாங்காதீர்கள். அந்த விலைக்கு வரும் புதுக் கோட்டு பெரும்பாலும் பாலியெஸ்டர். அடுத்த வருடமே நூல் உருண்டை உருண்டையாகக் கிளம்பிவிடும். எம்மாயுஸ் கடைக்குப் போங்கள். அபே பியேர் என்ற பாதிரியார் 1949-இல் தொடங்கிய அமைப்பு அது. மக்கள் கொடுக்கும் பழைய பொருட்களைச் சரிசெய்து விற்கிறார்கள். உள்சீட்டைப் படித்து, கம்பளி அதிகமுள்ள கோட்டாகத் தேடி எடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது முதலில் தோள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். இடுப்பு, கீழோரம், பொத்தான் எல்லாவற்றையும் நாங்கள் திருத்திவிடுவோம். தோளைத் திருத்த வேண்டுமென்றால் கையையே பிரித்துக் கழற்ற வேண்டும். கூலி கோட்டின் விலையைத் தாண்டிவிடும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் தெரியும். அக்குள் பக்கம் உள்துணி கிழிந்திருந்தால் விட்டுவிடாதீர்கள், அது சின்ன வேலை.

ஜனவரித் தள்ளுபடி உண்மையானதா, ஏமாற்றா?

‘சோல்த்’ என்னும் இந்தத் தள்ளுபடிக் காலத்தைச் சட்டமே வகுத்திருக்கிறது. குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, 2020 முதல் தலா 4 வாரம். அப்போது கடைக்காரர் நஷ்டத்துக்குக் கூட விற்கலாம். என்னிடம் வரும் வயதான அம்மா ஒருவர் டிசம்பரிலேயே கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்வார். முதல் நாள் காலை போய் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நான் போனால் நாலு பையோடு திரும்புவேன்!

கிழிந்ததைத் தைக்க அரசு காசு தருகிறதாமே?

துணியும் காலணியும் விற்கும் நிறுவனங்கள் கட்டும் நிதியிலிருந்து வருவது அது. 2023 நவம்பரில் தொடங்கியபோது, வேலையைப் பொறுத்து 6 முதல் 25 யூரோ வரை பில்லிலேயே கழித்தார்கள். பதிவு பெற்ற கடைகளில் மட்டும்தான். கிழிசல், ஜிப், செருப்பின் குதிகால் இதற்கெல்லாம் உண்டு. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கிடையாது. இதை விளக்கியே என் தொண்டை வறண்டுவிட்டது.

கணவர் பிரெஞ்சுக்காரர். கல்லாகிப் போன ரொட்டியைக் கூட மாமியார் குப்பையில் போட விடுவதில்லை. கஞ்சத்தனமா, பழக்கமா?

நான் மாமியார் பக்கம். பகெத் என்னும் நீள ரொட்டியில் ‘த்ரதிஸ்யோன்’ வகைக்கு ரசாயனச் சேர்மானம் எதுவும் கூடாதென்று 1993-இல் அரசாணையே போட்டார்கள். பகெத் மறுநாளே கட்டையாகிவிடும். பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து வெண்ணெயில் வாட்டினால் ‘பான் பெர்து’, அதாவது தொலைந்த ரொட்டி. ஒரு துண்டு வெங்காய சூப்பின் மேல் போகும், மிச்சம் தூளாகும். உங்களுக்கு அவ்வளவு ரொட்டி வேண்டாமென்றால் பாதி பகெத் கேளுங்கள், வெட்டித் தருவார்கள்.

கடுகு விழுதுப் பாட்டிலையும் அவர் கழுவ விடமாட்டாரே? அடியில் ஒட்டிய கடுகோடு ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு எண்ணெய், உப்பு போட்டு மூடிக் குலுக்கினால் சாலட்டுக்கு ஆயிற்று. பல வீடுகளில் தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளரே ஒரு காலத்தில் கடுகு வந்த டம்ளர்தான். முதல் தடவை ஒரு வீட்டில் சித்திரம் போட்ட அந்த டம்ளரில் ஒயின் ஊற்றிக் கொடுத்தபோது குழந்தைகளுடையது என்று நினைத்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லாருமே இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்களா?

எங்கே! கைப்பேசியில் ஐந்து யூரோ உடுப்பாக வாங்கிக் குவிப்பவர்கள் இங்கேயும் ஏராளம். அதன் தையல் பிரிந்தால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உடுப்பை விடத் தையல் கூலி அதிகம் என்றால் முகம் மாறும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். சிக்கனமாகச் சுற்றிக் காட்ட என்ன வழி?

பெத்தி பலே, கார்னவாலே என்ற இரண்டு அருங்காட்சியகங்களிலும் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமில்லை. காபியைக் கவுண்டரில் நின்று குடித்தால் பெரும்பாலும் மலிவு, ஆனால் அப்பாவின் முழங்கால் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். உணவகத்தில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வெட்கப்படாமல் கேளுங்கள், பக்கத்து மேசைக்காரரும் அதைத்தான் குடிக்கிறார்.

அம்மாவின் காஞ்சிபுரம் பட்டு மடிப்பில் நைந்துவிட்டது. கழுத்துத் துணியாக வெட்டித் தருவீர்களா?

இந்த ஊரில் ஒரே கறுப்புக் கோட்டைப் பத்து வருடம் போட்டு, கழுத்துத் துணியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் யோசனை அதற்குப் பொருத்தம்தான். ஆனால் பட்டுப்புடவை என்றால் கத்தரியை எடுக்க எனக்கு மனம் வராது. ஜரிகைக் கரை கழுத்தில் அறுக்கும், உடல் பகுதியில்தான் வெட்ட வேண்டும். நைந்தது எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கொண்டு வாருங்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம்.