டொனேஷன் கொடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா?

கேள்வி: நாமக்கல்லில் இருக்கிறோம். கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார், மாதம் 30,000 ரூபாய். என் தையலில் 4,000 வரும். நாங்கள் இருவரும் கல்லூரிக்குப் போனதில்லை. மூத்த மகளுக்குப் பொறியியல் கவுன்சிலிங்கில், கோவையில் ஒரு நல்ல கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்திருக்கிறது. சலுகை போக, கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து வருடம் 1.1 லட்சம் ஆகும். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்இ) தருகிறார்கள். டொனேஷன் 4 லட்சம், அது போக வருடம் 1.6 லட்சம். உறவினர்கள் எல்லோரும் 'சிஎஸ்இ தான் வேலை வாங்கித் தரும்' என்கிறார்கள். 12 பவுன் நகையும் 3 லட்ச ரூபாய் எஃப்டியும் இருக்கின்றன. நகையை அடகு வைத்துச் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த 4 லட்சத்தைக் கொடுக்காதீர்கள்.

முதல் காரணம், அதற்கு ரசீது வராது. தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். ரசீது இல்லாத பணத்துக்கு வங்கி கல்விக் கடன் தராது. அதனால்தான் உங்கள் கண் நகைப் பக்கம் போகிறது. கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. நகைக் கடனில் அந்த அவகாசம் கிடையாது. 10 சதவீத வட்டி என்று வைத்தாலே 4 லட்சத்துக்கு வருடம் 40,000. வருடா வருடம் வட்டியைக் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மகள் படிப்பை முடிப்பதற்குள் 1.6 லட்சம் வட்டியாகவே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும்.

அடுத்து, வருடம் 1.6 லட்சம் கட்டணம். இதற்குக் கல்விக் கடன் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்தில் 6.4 லட்சம். இதற்கும் 10 சதவீதம் என்று வைத்தால், அவகாச காலத்து வட்டியும் சேர்ந்து சுமார் 8.6 லட்சம் ஆகும். பத்து வருடத் தவணையில் மாதம் கிட்டத்தட்ட 11,400 ரூபாய் கட்ட வேண்டும். பெரிய ஐடி நிறுவனங்கள் புதிதாகச் சேருபவர்களுக்குப் பல வருடங்களாகத் தருவது ஆண்டுக்கு மூன்றரை லட்சம் சுற்றித்தான். பிஎஃப் பிடித்தது போக, சென்னையிலோ பெங்களூரிலோ தங்கிச் சாப்பிட்டு, அந்தச் சம்பளத்தில் 11,400 எடுத்து வைப்பது ரொம்பக் கஷ்டம். நகையை யார் மீட்பது என்பது தனிக் கேள்வி.

இப்போது கோவை இடத்தைப் பாருங்கள். வருடம் ஒரு லட்சம் கடன், மீதி 10,000 கைப்பணம். மொத்தக் கடன் 4 லட்சத்தைத் தாண்டாது. அந்த அளவுக்கு வங்கிகள் சொத்து ஜாமீனும் கேட்பதில்லை, உங்கள் பங்காக முன்பணமும் கேட்பதில்லை. பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். பணம் தவணை தவணையாக நேரே கல்லூரிக்குப் போகும், போன தொகைக்கு மட்டும்தான் வட்டி ஓடும். இன்னொன்று: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அவகாச காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. உங்கள் வருமானம் 4.08 லட்சம். நாக் அல்லது என்பிஏ என்ற தர அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கிடைத்தால் மாதத் தவணை 5,300 அளவில் நிற்கும். கிடைக்காவிட்டாலும் 7,100 தான். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போவது அரசு தரும் பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

சரி, சிஎஸ்இ இல்லாமல் வேலை கிடைக்குமா? உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று மென்பொருள் வேலைக்கு அடிப்படையான பாடங்களை சிஎஸ்இ பிள்ளைகள் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் சிஎஸ்இ, ஐடி மாணவர்களை மட்டுமே கூப்பிடுவதும் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் எல்லாப் பொறியியல் பிரிவுக்கும் ஒரே தேர்வுதான் வைக்கின்றன. இசிஇ படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். 2022க்குப் பிறகு ஐடி நிறுவனங்கள் புதியவர்களை எடுப்பதைக் குறைத்ததையும் மறக்க வேண்டாம். எந்தப் பிரிவின் பெயரை நம்பியும் 10 லட்சம் போடும் காலம் இது இல்லை.

வகுப்பில் கிடைக்காத பாடங்களை வெளியே படிக்கலாம். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் வகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோடிங் எழுத ஒரு நல்ல லேப்டாப் வேண்டும், எஃப்டியிலிருந்து 50,000 எடுத்து அதை முதல் வருடமே வாங்கிக் கொடுங்கள். இந்தச் செலவுக்கு நான் யோசிக்கவே மாட்டேன். மிச்ச எஃப்டியைத் தொடாதீர்கள், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் உறவினர்கள் சொன்னது இருக்கிறது, மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் பிடித்திருக்கிறது என்றால் பேச்சே இல்லை, கோவைக்கு அனுப்புங்கள். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அவளே உறுதியாகச் சொன்னாலும் டொனேஷன் தேவையில்லை. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே வைத்த இடத்துக்குக் காத்திருக்கும் வசதி கவுன்சிலிங்கிலேயே உண்டு. அவள் பட்டியலில் மேலே சிஎஸ்இயோ, பெரும்பாலும் அதே பாடங்கள் உள்ள ஐடியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கட்டும். கெடு சில நாட்கள்தான், தவறவிட வேண்டாம்.

நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழ் கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கல்லூரியில் கட்டண விவரத்தை நான்கு வருடத்துக்கும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிஎம் வித்யாலட்சுமி இணையதளத்தில் கடனுக்குப் பதியுங்கள். வங்கி மேலாளர் 'பிறகு பாருங்கள்' என்று வாய்மொழியாக அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள், ஏன் முடியாது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்.