வராந்தாவில் வைக்கிற தட்டு

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. லாரி டிரைவர். மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் கூட வந்த கிளீனர் பையன் இறந்துவிட்டான். அதிலிருந்து குடி. மறுவாழ்வு மையத்தில் சேர்த்து வைத்தியம் பார்த்தோம். 70 நாளாகக் குடிக்கவில்லை. ஆனால் யாரோடும் பேசுவதில்லை, ராத்திரியில் அலறிக்கொண்டு எழுகிறான். நானும் மனைவியும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு வராந்தாவில் தட்டு வைத்தால் பாதிச் சோற்றைத் தெருநாய்க்குப் போட்டுவிடுகிறான். குடியை விட்டவர்களுக்கு நாயை வைத்துச் சிகிச்சை கொடுக்கிறார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். லாப்ரடார் குட்டி 15,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? எத்தனை மாதத்தில் குணம் தெரியும்?
ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: குட்டி வாங்க வேண்டாம். முதலில் அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவோம்.

சோறு வீணாகிறதே என்ற வருத்தத்தில் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒருவனுக்கு மட்டும் சோறு வெளியே போகிறது. அவன் உங்கள் கூடப் பிறந்தவன். அவன் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்காருகிற ஒரே ஜீவன் அந்தத் தெருநாய். அதற்குப் பாதி கொடுக்கிறான். கொடுக்காமல் என்ன செய்வான்?

அவன் குடித்த காலத்தில் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் என்ன பாடுபட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பட்டிருப்பார்கள். அப்போது அவனை வெளியே வைத்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன். இனி குடித்துவிட்டு வந்தாலும் கதவைச் சாத்துங்கள், உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் 70 நாள் குடிக்காமல் இருக்கிறவனுக்கும் அதே வராந்தாவா? குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இந்த வீட்டில் உனக்கு ஒரே இடம்தான் என்று ஒவ்வொரு வேளையும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பிறகு அவன் எதற்காகக் குடிக்காமல் இருக்க வேண்டும்?

வீடியோவில் பார்த்தது பொய் இல்லை. பழக்கிய நாயை அதைப் பார்த்துக்கொள்கிற ஆளோடு சிகிச்சைக்கு அழைத்து வருவது பல நாடுகளில் நடக்கிறது. நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன் நாயின் முதுகைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பிப்பான். அவனுடைய பழைய கதை எதுவும் நாய்க்குத் தெரியாது, அதனால் அதன் முன்னால் கூச்சம் இல்லை. படபடப்பு குறையும். ஆனால் நாய் வந்தால் குடி நிற்கும் என்று சொல்கிற அளவுக்கு ஆதாரம் கிடையாது. செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. மருந்தோடும் ஆலோசனையோடும் சேர்ந்த ஒரு துணை அது, அவ்வளவுதான்.

1960களின் தொடக்கத்தில் போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க மனநல நிபுணர் இதைப் பற்றி எழுதியபோது பலர் சிரித்தார்கள். யாரோடும் ஒட்டாத ஒரு பையன் அவருடைய நாய் ஜிங்கிள்ஸோடு மட்டும் ஒட்டிக்கொண்டான். அந்த நாயை வைத்து அவனிடம் நெருங்க அந்த அறையில் லெவின்சன் உட்கார்ந்திருந்தார். உங்கள் வராந்தாவில் நாய் இருக்கிறது, உட்கார ஆள் இல்லை.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பவர் மனநோயாளிகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். மற்ற இடங்களில் அவர்களைச் சங்கிலியில் கட்டிப்போட்ட காலம் அது. இங்கே முற்றத்தில் முயலும் கோழியும் கடற்பறவைகளும் விட்டிருந்தார்கள். விலங்குகளை வைத்துச் சிகிச்சை என்று பேசுகிறவர்கள் அந்த முயல்களைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அவருடைய பேரன் சாமுவேல் 1813இல் அந்த இல்லத்தைப் பற்றி எழுதியதில் இன்னொன்றும் இருக்கிறது. பெண் மேற்பார்வையாளர் நோயாளிகளை அவ்வப்போது தேநீர் விருந்துக்கு அழைப்பார். இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு அவர்கள் வந்து உட்காருவார்கள். முன்பின் தெரியாதவர்களே, பைத்தியம் என்று ஊர் ஒதுக்கியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உங்களால் சொந்தத் தம்பியை உட்கார வைக்க முடியவில்லை.

அடுத்து, அந்த அலறல். அது குடியின் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். தன் வண்டியில் வந்த பையன் செத்ததைப் பார்த்தவன் அவன். மையத்தில் குடிக்கு வைத்தியம் பார்த்தார்கள், சரி. அந்த விபத்துக்கு யார் பார்த்தார்கள்? அதிர்ச்சி மனதில் தங்கி ராத்திரியில் இப்படி எழுப்பும். அதற்குத் தனியாகப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. இந்த வாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே போக வேண்டும். மறுபடி குடித்துவிட்டால், திருத்துகிறேன் என்று அறையில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். நாள் கணக்காகக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எத்தனை மாதத்தில் குணம் தெரியும் என்கிறீர்கள். லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். ஆறு மாதத்தில் அவன் மறுபடி தவறினால் அந்த ஜீவனை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்? அவன் ஏற்கெனவே ஒரு நாயைத் தேர்ந்தெடுத்துவிட்டான். கால்நடை மருத்துவமனைக்கு அவனே கூட்டிப்போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு வரட்டும். துணைக்குப் போங்கள். பிள்ளைகளைக் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஊசிக்கு ஓடுங்கள்.

மூத்தவனாகப் பிறந்தவனுக்கென்று ஒரு கடமை இருக்கிறது. தம்பி தப்பு செய்துவிட்டான் என்பதால் அது தீராது. 15,000 ரூபாய் கொடுத்து அதை ஒரு குட்டியின் தலையில் கட்டவும் முடியாது. இன்றைக்கு ராத்திரி எல்லோரும் உட்காரும்போது அவனையும் கூப்பிடுங்கள். மனைவியிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், அவருடைய பயத்தையும் கேளுங்கள். முதல் நாள் அவன் உள்ளே வர மாட்டான். அப்போது உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் வராந்தாவுக்குப் போங்கள். குடியைப் பற்றிப் பேச வேண்டாம், விபத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். நாய் வந்தால் உங்கள் தட்டிலிருந்தும் ஒரு பிடி போடுங்கள்.