கண்டியில் மூன்று நாள்: ஏஜென்ட்டின் பட்டியலில் எதையெல்லாம் அடிக்கலாம்?

வேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜனவரியில் நான், மனைவி, 74 வயது அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் நால்வரும் கண்டிக்குப் போகிறோம். மூன்று இரவு தங்குகிறோம். ஏஜென்ட் பதினான்கு இடங்கள் கொண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? ஸ்வெட்டர் எடுத்துப்போக வேண்டுமா? மகாவலி கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. போடலாமா? நாங்கள் சைவ உணவு மட்டுமே சாப்பிடுபவர்கள்."

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினான்கையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். ஸ்வெட்டர் தேவையில்லை. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஊட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள். ஆற்றில் முழுக்கு கூடாது. சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது, ஒரே ஓர் எச்சரிக்கையுடன்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதைப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். வாசனைப் பொருள் தோட்டம், ரத்தினக்கல் காட்சியகம், பாத்திக் துணி, மரச் சிற்பம், மூலிகை மருந்து: இந்த ஐந்தும் கடைகள். இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள், தேநீர் தருவார்கள், கடைசிக் கதவு விற்பனைக் கூடத்தில் திறக்கும். அங்கே நீங்கள் கொடுக்கும் பணத்தில் அழைத்துவந்தவருக்கும் ஒரு பங்கு இருப்பது வழக்கம். முதல் பயணத்தில் நானும் ஒரு தோட்டத்தில் முடி வளரும் தைலம் வாங்கினேன். பிறகு கண்டிக் கடைத்தெருவில் அதே மாதிரிப் புட்டி கால் விலைக்கு இருந்தது. முடியைப் பற்றிக் கேட்காதீர்கள். பட்டை, கிராம்பு வேண்டுமென்றால் நகரச் சந்தையில் வாங்குங்கள்.

சிகிரியா ஒரு நாள், நுவரெலியா ஒரு நாள் என்று போட்டிருக்கிறார். இரண்டுமே அருமையான இடங்கள். ஆனால் நுவரெலியாவுக்கு மலைப்பாதையில் போகவே இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். சிகிரியாவில் 1,200 படிகள் வரை ஏற வேண்டும். அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மேலே ஏறிப் பார்ப்பது ஒரு சுற்றுலாவா? இரண்டையும் இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். பஹிரவகந்த மலையில் இருக்கும் வெள்ளைப் புத்தர் சிலை ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். அதற்கென்று மேலே போக வேண்டியதில்லை. பின்னவல யானைகள் கண்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் முன்னால், கொழும்புப் பக்கம் இருக்கின்றன. காரில் வருவதானால் வழியில் இறங்கி, யானைகள் மகா ஓயாவில் குளிக்கும் நேரத்துக்குப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்டியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பது வீண் அலைச்சல். சங்கிலியில் யானையைப் பார்க்க மனம் வராது என்றால் அதையும் அடித்துவிடலாம்.

மீதி என்ன இருக்கிறது? தலதா மாளிகை என்ற புத்தர் கோயில், ஏரி, பேராதனைப் பூங்கா, நடன நிகழ்ச்சி, தேயிலை. மூன்று நாளுக்கு இது போதும். பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் வந்தால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். வலப்பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தால் நல்லது. ரம்புக்கனை தாண்டி ரயில் மலையேறத் தொடங்கியதும் பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் விரியும். காப்பியை இறக்கிக் கொண்டுபோவதற்காக வெள்ளைக்காரர்கள் போட்ட பாதை இது. 1867-ல் கண்டியைத் தொட்டது. அதே ஆண்டில்தான் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பிற்பாடு காப்பி நோயில் அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பையனுக்கு இந்தக் கதையை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள், ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைப் பார்க்கும்போது கேள்வி கேட்பான். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைவரை காட்டில் நடந்தே வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழையில் மண்சரிந்து பாதை அடைபடுவது உண்டு. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் ரயில் ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தலதா மாளிகைக்குப் பகலில் போய் வரிசையில் நிற்பவர்கள்தான் அதிகம். புத்தரின் பல் என்று வணங்கப்படும் தந்ததாதுவை யாரும் நேரில் பார்க்க முடியாது. பொற்பேழையைத்தான் பார்க்கலாம், அதுவும் பூஜை வேளையில் கதவு திறக்கும்போது. வழக்கமான பூஜை நேரங்கள் காலை ஐந்தரை, ஒன்பதரை, மாலை ஆறரை. மாலையில் போகச் சொல்வேன், ஒரு காரணத்தோடு. ஏரிக்கரையை ஒட்டிய அரங்குகளில் ஐந்து மணி அளவில் கண்டி நடனம் தொடங்கும். ஒரு மணி நேரம், கடைசியில் தீமிதி. முடித்துவிட்டு மெதுவாக நடந்தால் பூஜை முரசு ஒலிக்கும் நேரத்துக்கு மாளிகைக்குள் இருப்பீர்கள். மேடையில் கேட்ட அதே 'கெட்ட பெர' என்ற கண்டி மேளம், இப்போது வேடிக்கைக்கு இல்லாமல் வழிபாட்டுக்கு ஒலிக்கும். அந்த வித்தியாசத்தைப் பையன் தானே கண்டுபிடிப்பான்.

தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், வெள்ளை உகந்தது. செருப்பை வெளியே விட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் வாங்கும் இடத்தில் கேளுங்கள். அதற்குப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். பௌர்ணமி நாளைத் தவிர்ப்பது நல்லது. போயா விடுமுறை என்பதால் ஊரே அங்கே இருக்கும். உள்ளே ராஜா என்ற யானையின் உடலைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எசல பெரஹெர என்ற ஆண்டுத் திருவிழா ஊர்வலத்தில் பல ஆண்டுகள் பேழையைச் சுமந்து 1988-ல் இறந்த யானை அது.

நீங்கள் வேலூர்க்காரர் என்பதால் ஒன்று. மாளிகையை ஒட்டிய மரத்தூண் மண்டபத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். 1815 மார்ச் 2-ம் தேதி கண்டி ராஜ்யத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை அரங்கேறிய இடம் அது. அரசை இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. எதிரே தெரியும் ஏரி, வயலாகக் கிடந்த நிலத்தில் 1807-ல் அவர் வெட்டுவித்தது. அவரைக் கொண்டுவந்து சிறைவைத்த இடம் உங்கள் ஊர்க் கோட்டை. 1832-ல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ஏரிக்கரையில் நடக்கும்போது அது வேறு ஏரியாகத் தெரியும்.

அந்த நடை சுமார் 3 கிலோமீட்டர், சமதரை. காலையில் போங்கள், குடையோடு. மழைக்காக இல்லை, கரை மரங்களில் பறவைக்கூட்டம் தங்குகிறது, கீழே நடப்பவர்களின் தலை தப்பாது.

அம்மாவுக்கு ஓர் இடம் சொல்கிறேன். மாளிகைக்கு எதிரிலேயே நாத தேவாலயம், அடுத்துப் பத்தினி தேவாலயம். அங்கே தேவாலயம் என்றால் சர்ச் இல்லை, தெய்வங்களுக்கான கோயில். பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான். சேரன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறதே, அந்த வழிபாடு சிங்கள பௌத்தர்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கூட்டம் குறைவு, படிக்கட்டுத் தொல்லையும் பெரிதாக இல்லை.

இரண்டாம் நாள் காலை முழுவதையும் பேராதனைக்குக் கொடுங்கள். 147 ஏக்கர். நகரத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர். மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவே பூங்கா. இங்கேதான் ஆற்றை அமைதியாகப் பார்க்க முடியும். வாயிலில் ஆர்க்கிட் வீட்டிலேயே ஒரு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு வெயில் ஏறியபின் களைத்துத் திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நேராக ராஜபனை வரிசை வழியாக ஆற்றங்கரைக்குப் போங்கள். தொங்குபாலத்தைப் பையன் விடமாட்டான். பெரிய புல்வெளியில் குடைபோல் படர்ந்த ஜாவா அத்தி மரத்தடியில் அம்மா உட்காரட்டும். உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கும். இரட்டைத் தேங்காய் காய்க்கும் கடல்தென்னைகளும் உண்டு. ஆர்க்கிட் வீட்டைத் திரும்பும்போது பாருங்கள். மதியத்துக்குமேல் அறைக்குப் போய்த் தூங்குங்கள். பயணத்தில் தூங்குவது பாவமில்லை.

ஆற்றுக் குளியல் பற்றி. சிங்களத்தில் 'கங்க' என்றால் ஆறு. மகாவலி கங்கை என்பது அந்த வழக்கில் வந்த பெயர். 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைப் பக்கம் கடலில் கலக்கும் இலங்கையின் மிக நீண்ட ஆறு அது. மேலே மலையில் அணைகளும் நீர்மின் நிலையங்களும் இருக்கின்றன. கண்டியில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழையால் நீர் ஏறிவிடலாம். மேலே அமைதி, அடியில் இழுப்பு. உள்ளூர்க்காரர்கள் இறங்குகிறார்களே என்று நீங்களும் இறங்காதீர்கள். பெரஹெர முடிந்ததும் நீர்வெட்டுச் சடங்கு நடக்கும் கெட்டம்பை, பேராதனை வழியில்தான் இருக்கிறது. தேவாலயத்துக் கப்புறாளைமார், அதாவது பூசாரிகள், வாளால் ஆற்றுநீரை வெட்டிக் குடத்தில் எடுத்து, அடுத்த ஆண்டுவரை வைத்திருப்பார்கள். அம்மா கரையிலிருந்து அந்த ஆற்றைக் கும்பிடட்டும். கால் நனைய வேண்டியதில்லை.

மூன்றாம் நாளுக்கு, பட்டியலில் இல்லாததாக நான் சொன்னது: எம்பெக்கே, லங்காதிலக, கடலாதெனிய. கண்டிக்கு மேற்கே அருகருகே மூன்று பழைய கோயில்கள். அரை நாளுக்குக் கார் போதும். கடலாதெனிய கற்கோயிலின் தூண்களைப் பார்த்ததுமே நம் ஊர்க் கை என்று தெரியும். 1344-ல் அதைக் கட்டிய கணேசுவராசாரி தென்னிந்தியச் சிற்பி. அதே ஆண்டைச் சேர்ந்த லங்காதிலகவில் முன்புறம் புத்தர். சுற்றிலும் விஷ்ணு, விபீஷணன், கணபதி, கந்தன். அங்குள்ள பாறைக் கல்வெட்டு சிங்களத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாறையில் வெட்டிய படிகள் செங்குத்தானவை, ஆகவே அம்மா அங்கே காரில் இருக்கட்டும். எம்பெக்கேயில் இறங்கிக்கொள்ளலாம். அது கதிர்காமக் கந்தனின் கோயில். மண்டபத் தூண்களில் மல்லர்கள், அன்னங்கள், இருதலைப் பறவை என்று மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனதும் எல்லோரும் தூண்களைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். கூரையின் 26 சட்டங்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே பெரிய மர ஆப்பில் கோக்கப்பட்டிருக்கின்றன.

சாப்பாடு. 'சைவக்கடை' என்று பலகை தேடுங்கள். தமிழிலேயே எழுதியிருக்கும், தமிழிலேயே பேசலாம். மற்ற கடைகளில் இடியாப்பம், சொதி, சோறு, பருப்பு எல்லாம் கிடைக்கும், ஆனால் தேங்காய்ச் சம்பலில் மாசி சேர்ப்பது வழக்கம். அது உலர்ந்த மீன். கண்ணுக்குத் தெரியாது, தூளாக்கிப் போட்டுவிடுவார்கள். 'சைவமா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல் 'மாசி போட்டிருக்கிறதா?' என்று தனியாகக் கேளுங்கள். கத்தரிக்காய்க் கறிக்கும் அதே கேள்வி. பிளேன்டீ என்றால் பால் இல்லாத தேநீர். அதோடு கித்துள் என்ற பனைவகையின் வெல்லத் துண்டு ஒன்று கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டு குடியுங்கள்.