நம் வீட்டுக் குப்பை யார் வீட்டுக்குப் போகிறது? சுற்றாடல் கேள்வி பதில்

சுற்றாடல் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: வீடு வெள்ளவத்தை. பதினெட்டு வருடமாகக் கழிவு முகாமைத்துவம், சதுப்புநிலப் பாதுகாப்பு என்று வேலை செய்கிறேன். நான் பொறியியலாளர் இல்லை. ஒரு திட்டம் வரும்போது அந்த இடத்து மக்களிடம் போய்ப் பேசி, அவர்கள் சொல்வதைத் திட்டம் போடுகிறவர்களிடம் கொண்டுபோவதுதான் என் தொழில். அதனால் என் பதில்கள் எல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அக்கா, அம்மா சமையலறைக் குப்பையை வேறாக, போத்தல் பொலித்தீனை வேறாகப் பிரித்துத்தான் வைக்கிறா. லொறி வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அமுக்குகிறார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

தம்பி, இந்தக் கேள்வியை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் பிரிப்பதை விட்டுவிட வேண்டாம் என்றுதான் அம்மாவிடம் சொல்வேன்.

நம் வீடுகளில் சேரும் குப்பையில் பாதிக்கும் மேல் சமையலறைக் கழிவு. தேங்காய்ப்பூச் சக்கை, மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, மீன் செதில். எல்லாமே ஈரம். இதைப் பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாமல் அழுகும்போது மீதேன் வாயு வரும், கறுப்புத் தண்ணீர் கசியும், மழை பெய்தால் மலை முழுக்கத் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் பிற்பகலில் மீதொட்டமுல்லையில் சரிந்தது அப்படி வளர்ந்த மலைதான். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வீட்டோடு புதைந்துபோனார்கள். அந்தக் குப்பையில் நம் தெருக்களின் குப்பையும் இருந்தது. அங்கிருந்த சனங்கள் அதை எடுக்கச் சொல்லி வருடக்கணக்காக வீதியில் நின்றார்கள். அதற்கு முன்னால் இதே குப்பை கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டலில் மலையாக நின்றது, அதுவும் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவில்தான்.

இப்போது ஒரு பகுதி கெரவலப்பிட்டியில் எரித்து மின்சாரமாக்கப்படுகிறது. 2021 இல் தொடங்கிய 10 மெகாவாட் ஆலை அது. ஈரக் குப்பையை எரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று விறகடுப்பு மூட்டிய யாரையும் கேட்டால் தெரியும். கொழும்புக் குப்பையை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டத்தான் புத்தளத்து அறுவைக்காட்டில் நிரப்பிடம் கட்டினார்கள். எங்கள் ஊர் என்ன கொழும்பின் குப்பைத்தொட்டியா என்று கேட்டுப் புத்தளத்து மக்கள் மாதக்கணக்காகப் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அங்கே போகும் பாரத்தைக் குறைக்கத்தான் நம்மால் முடியும், அதற்கு ஈரக் குப்பையைத் தனியாக எடுப்பதைத் தவிர வேறு வழியும் கிடையாது.

லொறி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டால், குப்பை எடுக்கும் பையன்தான் ஏச்சு வாங்குவான், வேறொன்றும் நடக்காது. அவனுக்குக் கொடுத்த லொறியில் பிரிப்பதற்கு இடம் இருக்கிறதோ இல்லையோ. உங்கள் பிளாட்டின் முகாமைத்துவக் குழுவின் பெயரில், எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இலக்க லொறி என்று நான்கு வாரம் குறித்துவைத்து, மாநகர சபையின் திண்மக்கழிவுப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை போத்தலையும் பேப்பரையும் லொறிக்கே போடாமல் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்கலாம். அவர் எடுத்துப்போவது கட்டாயம் மீள்சுழற்சிக்குப் போகும், ஏனென்றால் அதுதான் அவருடைய சாப்பாடு.

கேள்வி (கொட்டாஞ்சேனை, சாப்பாட்டுக்கடை): மிஸ், ஒவ்வொரு முறையும் ஒரு தடை வருகிறது. வந்து பிடிப்பது எங்களைப் போலச் சின்னக் கடைகளை. மொத்தமாக உற்பத்தி செய்கிறவர்களை ஏன் பிடிப்பதில்லை?

உண்மைதான் அண்ணா. 2017 செப்டெம்பரில் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும். 2021 இல் சின்னச் சஷே பக்கட்டுகள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு வரை பட்டியல் நீண்டது. காகிதத்தில் நல்ல சட்டங்கள்தான். ஆனால் தடை செய்த பொருள் புறக்கோட்டையில் மொத்தவிலைக்குக் கிடைக்கும்வரை, கடைசிக் கையில் இருப்பவர்தான் தண்டம் கட்டுவார். சோதனை மேலேயிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், இன்னும் சொல்வோம்.

உங்கள் கடைக்கு ஒரு யோசனை. பாத்திரம் கொண்டுவருகிறவருக்குப் பார்சலில் பத்து ரூபாய் குறையும் என்று எழுதிப் போடுங்கள். எங்கள் தெருவில் ஒரு கடையில் இதைச் செய்தார்கள். முதல் மாதம் யாரும் கவனிக்கவில்லை, பிறகு ஒபிஸ் போகிற பிள்ளைகள் டப்பாவோடு வரத் தொடங்கினார்கள். வாழையிலை விலை இப்போது உங்களுக்குக் கட்டாது என்று தெரியும், அதனால் அதைச் சொல்லவில்லை.

கேள்வி (கொலன்னாவ): ஒவ்வொரு பெரிய மழைக்கும் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. நீங்கள் சதுப்புநிலத்தை நிரப்பிக் கட்டினீர்கள், அதுதான் வெள்ளம் என்று எங்களையே குற்றம் சொல்கிறார்கள். நாங்கள் வேறு எங்கே போவது?

இந்தக் கேள்வியை எழுதியவருக்கு நன்றி. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவப் பக்கம் படகில்தான் போனேன், வீட்டுக் கூரையில் இருந்தவர்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கொழும்பு அடிப்படையில் ஒரு சதுப்பு நகரம். மழைத் தண்ணீர் கடலுக்கோ களனிக்கோ உடனே ஓடிவிடாது, தாழ்ந்த நிலத்தில் தங்கி, மெல்ல மெல்லக் கால்வாய்களில் வடியும். கொலன்னாவச் சதுப்பு, பெத்தகான, தலவத்துகொட, பெல்லன்வில அத்திடிய எல்லாம் நகரத்தின் தொட்டிகள் மாதிரி. தொட்டியை நிரப்பிவிட்டால் தண்ணீர் வேறு இடம் தேடும், கிடைப்பது உங்கள் குசினி. 2018 இல் உலகத்தில் முதன்முதலாக ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அது பெருமைதான், காப்பாற்ற வேண்டிய வாக்கும்கூட.

அந்தச் சதுப்பை யார் நிரப்பினார்கள் என்பதுதான் நீங்கள் கேட்பது. நான்கு பேர்ச் நிலத்தில் பலகை வீடு கட்டியவர்கள் மட்டும் இல்லை. தியவன்னாவில் இருக்கும் நாடாளுமன்றமே சதுப்பைத் தோண்டி, ஏரியாக்கி, அதன் நடுவில் 1982 இல் திறந்த கட்டடம். வீடமைப்புத் திட்டம், களஞ்சியம், வாகனத் தரிப்பிடம் என்று அனுமதிப் பத்திரத்தோடு நிரப்பிய நிலம் எத்தனையோ. மற்றவர் நிரப்பியதற்கும் சேர்த்துக் குற்றத்தை உங்கள் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

அதே நேரம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் ஒழுங்கையின் முடிவில் மிச்சம் இருக்கும் துண்டுச் சதுப்பை இனி யார் நிரப்ப வந்தாலும், அது உங்கள் உறவினராகவே இருந்தாலும், தடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். மண் லொறி வந்த முதல் நாளே படம் எடுத்துக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். பத்து லொறி கொட்டிய பிறகு அதை எடுக்க யாரும் வரமாட்டார்கள். இடம் மாற்றிக் குடியேற்றுவது பற்றிப் பேச்சு வந்தால், மாடி எத்தனை, வாடகையா சொந்தமா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி (வத்தளை): அக்கா, என் ஊர் மன்னார். காற்றாலை நல்லது என்றுதானே படித்தோம்? ஊரில் எல்லோரும் எதிர்க்கிறார்கள். யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

ஊர் சொல்வதை முதலில் கேள் தங்கச்சி. காற்று மின்சாரம் நல்லதுதான், நிலக்கரியையும் டீசலையும் எரிக்காமல் கிடைக்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், 2020 டிசெம்பரில் தொடங்கின. ஆனால் அந்தத் தீவு தட்டையான மணல் திட்டு. வீதியும் அத்திவாரமும் போட்டதால் மழைத் தண்ணீர் வடியும் வழி மாறிவிட்டது, இப்போது வெள்ளம் நிற்கிறது என்று ஊரார் சொல்கிறார்கள். கரைவலை இழுப்பவர்கள் மீன்பாடு குறைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். தூர தேசத்திலிருந்து பறவைகள் வந்து தங்கும் இடமும் அதுவே. 2025 இல் அவ்வளவு பேர் வீதியில் இறங்கியபோது மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே, எத்தனை, யாரைக் கேட்டு என்பதுதான் அவர்களின் கேள்வி.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று. வேறொரு ஊரில், வேறொரு திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கூட்டம் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். பின்னால் நின்ற ஒரு அம்மா தமிழில் கேட்டா, "கிணத்துத் தண்ணி உப்பாகுமோ?" மேடையில் இருந்தவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கூட்ட அறிக்கையில் அந்தக் கேள்வி இல்லை. நான் அதைச் சேர்க்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். பசுமைத் திட்டம் என்ற பெயர் இருப்பதாலேயே இப்படி நடந்தால் சரியாகிவிடாது.

கேள்வி (தெமட்டகொட): சாதாரண ஆட்களுக்கு உண்மையில் ஏதாவது அதிகாரம் இருக்கிறதா? சிங்களமும் ஆங்கிலமும் தெரியாதவர்கள் என்ன செய்வது?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீடு (திட்டத்தால் சுற்றாடலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராயும் அறிக்கை) தேவைப்படும் பெரிய திட்டம் என்றால், அந்த அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கான அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வர வேண்டும் என்று தேசிய சுற்றாடல் சட்டமே சொல்கிறது. 30 நாள் ஓடிப்போவது தெரியாது, அதனால் ஊருக்கு ஒருவராவது இந்த அறிவித்தல்களைப் பார்க்கிற ஆளாக இருக்க வேண்டும்.

அப்புறம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதித்தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே நிறுவனத்தில் மேல்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "ஏன் குப்பை எடுக்கவில்லை?" என்று கேட்டால் சாக்குத்தான் வரும். "இந்த வட்டாரத்தில் குப்பை எடுக்கும் ஒப்பந்தத்தின் பிரதியைத் தாருங்கள்" என்று கேளுங்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் இதில் சூட்சுமம்.

நீதிமன்றமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, கிணறுகளில் எண்ணெய் மிதந்ததே, அந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. வழக்குப் போட்டவர் யாழ்ப்பாணத்தார் இல்லை, தெற்கைச் சேர்ந்த ஒரு சுற்றாடல் செயற்பாட்டாளர். அதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

கேள்வி (கிருலப்பனை): இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியதும் உங்களைப் போன்றவர்கள் சொல்லித்தானே?

இல்லை ஐயா. சேதனப் பசளைக்கு மாறலாம் என்று சொன்னவர்கள் பலர், நானும் சொல்வேன். ஒரே போகத்தில் மாறலாம் என்று வயலில் கால் வைத்த யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அரசாங்கம் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். அதற்குள் நெல்லும் தேயிலையும் விழுந்துவிட்டன, மலையகத்தில் கொழுந்து குறைந்ததன் அடி தொழிலாளியின் நாட்சம்பளத்தில்தான் விழுந்தது. மண்ணுக்குப் பழக வருடங்கள் வேண்டும், அதுவரை விவசாயிக்கு நட்டஈடு வேண்டும். இரண்டையும் யோசிக்காமல் செய்ததால், இன்று சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயிகள் முகத்தைத் திருப்புகிறார்கள். எங்களுக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி (மருதானை, மாணவி): இந்தத் துறையில் வேலை செய்ய என்ன படிக்கலாம் மிஸ்?

எதைப் படித்தாலும் வரலாம் மகள். சட்டம், புவியியல், கணக்கியல் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. சிங்களம் மட்டும் நன்றாகப் பேசக் கற்றுக்கொள். தமிழும் சிங்களமும் தெரிந்தவர்கள் கள வேலைக்குக் கிடைப்பதே இல்லை.

கேள்வி (வெள்ளவத்தை): பல்கனியில் கொம்போஸ்ட் போட்டேன், நாற்றமும் புழுவும். பக்கத்து வீட்டு அன்ரி ஏசுகிறா. விட்டுவிடவா?

விடாதீர்கள். நாற்றம் என்றால் ஈரம் கூடிவிட்டது, காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட வாளி எடுங்கள். ஒரு பிடி சமையலறைக் கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு பிடி தும்புத்தூளோ காய்ந்த இலையோ போட்டு மூடுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். வாளியின் வாயை நுளம்பு வலையால் கட்டினால் ஈ வராது. அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். இப்போது இருக்கும் வாளியைக் கவிழ்த்து, தும்புத்தூள் கலந்து ஒரு நாள் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் மணம் மாறும். முதல் பசளை வந்ததும் அன்ரியின் கறிவேப்பிலைச் சாடிக்குக் கொஞ்சம் கொடுங்கள்.