உருட்டு, முட்டு, கதறல், வன்மம்: இணையப் பதிவுகளுக்கு இளைஞர்கள் வைக்கும் இந்தப் பெயர்களுக்கு என்ன வேறுபாடு?

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டேன். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் இன்னின்ன நோயெல்லாம் ஓடிப்போகும் என்கிற வகை. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் ஒரே சொல்லில் பதில் போட்டான்: "உருட்டு." கொஞ்ச நேரம் கழித்து "சாரி சித்தப்பா" என்றும் வந்தது. அன்றிலிருந்து இந்தச் சொற்களைக் கவனித்து வருகிறேன்.

உருட்டு என்றால் பொய் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பொய் சொல்பவனுக்கு அது பொய் என்று தெரியும். உருட்டுகிறவருக்கு அந்தக் கவலையே கிடையாது. நாலு பேர் கேட்கிறார்கள், கதை பெருத்துக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். 'உருட்டும் புரட்டும்' என்று பெரியவர்கள் சேர்த்துச் சொன்னதில் புரட்டை விட்டுவிட்டு உருட்டை மட்டும் இவர்கள் வைத்துக்கொண்டார்கள். எங்கள் காலத்தில் பீலா, கப்சா, ரீல் என்று எல்லாமே 'விடுகிற' சமாச்சாரம். இதில் ரீல் பாவம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இந்தியாவுக்கு ரீல்ஸைக் கொண்டுவந்தது. இப்போது ஒரு பையனிடம் "ரீல் விடாதடா" என்றால், "இன்னும் எடிட்டே முடியல" என்பான்.

மற்றவற்றைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய நடிகரின் படம் வெளியாகி ஊற்றிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். "முதல் நாளே நூறு கோடி" என்று ஒருவர் எழுதினால் உருட்டு. "இரண்டாம் பாதியைக் குடும்பத்தோடு பார்த்தால் பிடிக்கும்" என்றால் முட்டு. சாயப்போகிற சுவருக்குக் கட்டையை வைத்துத் தாங்குவோமே, அதே முட்டுதான். எதிர் நடிகரின் ரசிகர் காலியான இருக்கைகளைப் படம் எடுத்துப் போட்டால் அது வன்மம். அதைப் பார்த்துக் கொதித்து இந்த நடிகரின் ரசிகர் பத்துப் பதிவு போட்டால், எதிர்ப் பக்கத்தார் அதற்கு வைக்கும் பெயர் கதறல். இரண்டு பக்கமும் சேராத ஒருவர், யாரும் கூப்பிடாமலே நடுவில் புகுந்து நடிகருக்காகச் சண்டை போட்டால் கம்பு சுத்துறது. நாளைக்கு ஏதாவது கிடைக்கும் என்று புகழ்ந்து எழுதினால் சொம்பு. முன்பு காக்கா பிடிப்பது, ஐஸ் வைப்பது, ஜால்ரா தட்டுவது என்றிருந்த வேலைதான். பாத்திரம் மட்டும் மாறியிருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. இந்தப் பெயர்களைப் பதிவை மட்டும் பார்த்து வைக்க முடியாது. யார் வைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலி இருக்கைப் படம் இந்த நடிகரின் ரசிகர்களுக்கு வன்மம், அதைப் போட்டவரின் நண்பர்களுக்கோ 'தரமான சம்பவம்'. விளக்கம் கொடுத்தால் முட்டு, கோபப்பட்டால் கதறல். ஆக, பெயர் வைக்கிறவனை யாரும் ஜெயிக்க முடியாது. கட்சிக்காரர்களின் சண்டையில் படத்துக்குப் பதில் பட்ஜெட்டை வைத்தால் போதும், சொற்களெல்லாம் அப்படியே பொருந்தும்.

மொக்கை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் நாங்கள் வரிசைகட்டி நின்ற நாட்களில், "இது ஒரு மொக்கைப் பதிவு" என்று தலைப்பிலேயே எழுதிவிட்டு எழுதுவோம். கீழே பின்னூட்டத்தில் கும்மி. யாருக்கும் வருத்தமில்லை. அதற்கு முன்னால் சலிப்பூட்டும் பேச்சுக்கு அறுவை, பிளேடு, ரம்பம் என்றுதான் பெயர். எல்லாம் வெட்டுகிற சாமான்கள். அப்படியிருக்க, முனை மழுங்கிய மொக்கை எப்படி அதே பொருளுக்கு வந்து உட்கார்ந்தது என்பது எனக்கு இன்னும் வேடிக்கைதான். மழுங்கிய கத்தியால் அறுத்தால் கூடுதலாக வலிக்கும் என்பதாலோ என்னவோ.

க்ரிஞ்ச் என்பது பார்க்கும்போது நமக்கே கூச்சமாக இருப்பது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பூமர்தான் ஊர் மாறியதும் ஆளே மாறிப்போனது. அமெரிக்காவில் அது 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைக் குறிக்கும். இங்கே முப்பது வயதுக்காரர் "காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள்" என்று எழுதினாலே பூமர் அங்கிள். வயதைப் பார்ப்பதில்லை, அறிவுரையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் இப்போது இதே பிழைப்புதான். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2024-இன் சொல்லாக 'பிரெய்ன் ராட்' என்பதை எடுத்தார்கள். ஒன்றுமில்லாத வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மூளை அழுகிப்போவதற்குப் பெயர் அது. சொல் புதிதல்ல, அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1854-இலேயே எழுதியது. 2025-க்கு 'ரேஜ் பெய்ட்': படிப்பவருக்குக் கோபம் வரட்டும் என்றே போடும் பதிவு. நமக்கு இது புதுசே இல்லை. வம்புக்கு இழுப்பது என்று குழாயடியிலேயே பெயர் வைத்தாகிவிட்டது.

அதே 2025-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'ஸ்லாப்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது. செயற்கை நுண்ணறிவை வைத்து மூட்டை மூட்டையாகக் கொட்டும் சரக்குக்கு அந்தப் பெயர். ஆறு விரலோடு காலை வணக்கம் சொல்லும் குழந்தை உங்கள் குழுவுக்கும் வந்திருக்கும். பன்றிக்கு வைக்கும் மிச்சம் மீதிதான் ஸ்லாப். தமிழில் இதைக் கழனித்தண்ணி என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் எங்கள் வீட்டுக் கழனித்தொட்டியில் அரிசி கழுவிய நீரும் தவிடும் புண்ணாக்கும் இருக்கும், மாடு அதைக் குடித்துவிட்டுப் பால் கொடுக்கும். அந்தப் பெயரை இதற்குக் கொடுக்க மனசு வரவில்லை. இப்போதைக்குக் குப்பை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மகனிடம் வேறு பெயர் கேட்டிருக்கிறேன்.