முடக்கத்தான் சாரமும் முட்டி வலியும்: டப்பாவில் போட்டிருக்கும் ‘சோதனை’ எதைச் சொல்கிறது?

கேள்வி: எனக்கு வயசு 58ங்க, எடை 60 கிலோ. மூலனூர் பக்கம் தோட்டம். ஒன்றரை வருசமா ரெண்டு முட்டியும் வலி. எக்ஸ்ரே பாத்துட்டுத் தேய்மானம்னாங்க. தினமும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போட்டுக்கறேன். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் முடக்கத்தான் சாரப் பொடி கொண்டாந்து தந்தான். ‘எலியில் சோதித்தது, வீக்கம் 60 சதவீதம் குறைந்தது, டைக்ளோஃபினாக்குக்குச் சமம்’னு டப்பாவுல போட்டிருக்குது. மாத்திரையை நிறுத்திப்போட்டு இதைச் சாப்பிடலாமுங்களா?

பதில்: வேண்டாம் அம்மா. டப்பாவில் உள்ளது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனைக்கும் உங்கள் முட்டிக்கும் தூரம் அதிகம்.

1962 முதல் செய்துவரும் சோதனை அது. எலிக்கு முதலில் சாரத்தை வாய்வழி கொடுப்பார்கள். அரை மணி, ஒரு மணி கழித்து, கடற்பாசியில் எடுக்கும் காரஜீனன் 1 சதவீதக் கரைசலில் 0.1 மி.லி. அளவைப் பின்னங்கால் பாதத்தில் ஊசியாகப் போடுவார்கள். பாதம் வீங்கும். வீக்கத்தை மணிக்கொரு முறை அளந்து, சாரம் கொடுக்காத எலிகளோடு ஒப்பிடுவார்கள். முதல் ஒரு மணி நேர வீக்கம் பெரும்பாலும் உடலே வெளிவிடும் ஹிஸ்டமின், செரட்டோனின் ஆகிய வேதிப்பொருள்களால் வருவது. மூன்றாம் மணிக்கு வருவது புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு வேதிப்பொருளால். டைக்ளோஃபினாக் அடக்குவது இந்தப் பின்னதைத்தான். ஆகவே எத்தனையாவது மணிக் கணக்கு என்று சொல்லாத 60 சதவீதத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அது சில மணி நேர வீக்கம், மருந்தும் முன்னாலேயே உள்ளே போய்விட்டது. உங்களுக்கோ குருத்தெலும்பு வருசக்கணக்கில் தேய்ந்திருக்கிறது.

அடுத்தது அளவு. எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. கொடுத்திருந்தால், எலிக்கும் மனிதருக்கும் உள்ள உடல் அளவு வித்தியாசத்துக்காக அதை 6.2 ஆல் வகுக்க வேண்டும்: கிலோவுக்குச் சுமார் 65 மி.கி. உங்கள் எடைக்குத் தினம் ஏறக்குறைய 4 கிராம் சாரம். 100 கிராம் காய்ந்த இலையில் 10 கிராம் சாரம் தேறும் என்று வைத்தால் 40 கிராம் காய்ந்த இலை, பச்சையாக அதைப்போல் பல மடங்கு. டப்பாவில் சொன்ன ஒரு ஸ்பூனில் எவ்வளவு இருக்கிறது? பலரும் சாரம் எடுப்பது மெத்தனாலிலோ எத்தனாலிலோ. அதில் இறங்கும் பொருளெல்லாம் உங்கள் வீட்டு ரசத்தில் இறங்காது.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் பக்கத்துக் கண்வலிக் கிழங்கே சாட்சி. அதிலுள்ள கோல்சிசின் என்ற பொருளைப் பிரித்து, அளந்து, மனிதரிடம் சோதித்து, யூரிக் அமில மூட்டு வலிக்கு 0.5 மி.கி. மாத்திரையாகத் தருகிறோம். அதே கிழங்கை அப்படியே தின்றால் உயிர் போகும்.

எனக்குப் பெரிய கவலை கலப்படம். மூட்டு வலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டோ டைக்ளோஃபினாக்கோ கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்தால், முகம் உப்பினால், சர்க்கரை ஏறினால் சந்தேகப்படுங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்; உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் திடீர் நிறுத்தம் ஆபத்து.

கிளுவை வேலியில் படர்ந்திருக்கும் முடக்கத்தானை ஒரு கைப்பிடி பறித்து, கழுவி, தோசை மாவில் அரைத்துச் சாப்பிடுவதை விட வேண்டாம். பலன் தெரிய வேண்டுமென்றால் மாத்திரையை மாற்றாமல் நான்கு வாரம் சாப்பிடுங்கள், நான்கு வாரம் விடுங்கள். தினமும் காலையில் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, முட்டிச்சில்லின் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவையும் எழுதுங்கள். அந்த நோட்டு டப்பாவில் உள்ள எலிக் கணக்கைவிட உங்களுக்கு உதவும்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 நொடி நிறுத்துங்கள். ஒரு காலுக்கு 10 முறை, காலையும் மாலையும். ஒன்றரை வருசமாக டைக்ளோஃபினாக் எடுப்பதால் இந்த வாரமே ரத்த அழுத்தமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். மாத்திரையைக் குறைப்பதா மாற்றுவதா என்பதை முடிவு எடுக்க உங்கள் மருத்துவருக்கு அந்த இரண்டும் தேவை. ஒரு முட்டி மட்டும் திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் கீரையும் வேண்டாம், பொடியும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.